உறையவைக்கும் புது எலிமென்ட் முன்மொழிகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துகள் விளையாட்டுகளில் (திரையின் ஒவ்வொரு புள்ளியும் தண்ணீர், மணல், தீ போன்ற ஒரு பொருளின் துகளாக நடந்துகொள்ளும் விளையாட்டுகள்) புதிய எலிமென்ட், அதாவது புதுப் பொருள் வகை, சேர்க்கச் சொல்லி வரும் யோசனைகளில் வெடிப்பவை ஒரு கூட்டம் என்றால், உறையவைப்பவை இன்னொரு கூட்டம். அவற்றை ஒட்டி வரும் சந்தேகங்களும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். எண்களும் விதிகளும் 'தி பவுடர் டாய்' விளையாட்டை வைத்துச் சொல்லப்பட்டவை. அதன் மூல நிரல் திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் தனிக் கோப்பு உண்டு. சந்தேகம் வந்தால் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

1. உறைய வைக்கிற எலிமென்ட் ஏற்கெனவே என்னென்ன இருக்கு?

நிறையவே இருக்கின்றன. திரவ நைட்ரஜன், அது இன்னும் குளிர்ந்தால் வரும் நைட்ரஜன் பனி, திரவ ஆக்சிஜன், உலர்பனி, ஃப்ரீஸ் பவுடர், அந்தப் பவுடர் தண்ணீரைத் தொட்டதும் உருவாகும் ஃப்ரீஸ் வாட்டர். இவை போக, எந்த எலிமென்ட்டையும் குளிர்விக்கும் கருவி ஒன்று மெனுவிலேயே இருக்கிறது.

இவற்றில் ஃப்ரீஸ் பவுடரைக் கட்டாயம் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அது தண்ணீருக்குள் பரவும். பரவிய தண்ணீர் பனிக்கட்டியானதும் ஒவ்வொரு ஃபிரேமிலும் (கேம் ஒருமுறை கணக்கிட்டுத் திரையைப் புதுப்பிக்கும் கணம்) தானாகவே இன்னும் கொஞ்சம் குளிர்ந்துகொண்டே போகும். "தண்ணீரில் போட்டால் குளம் முழுக்க உறையணும்" என்பதுதான் உங்கள் யோசனை என்றால், அது செய்து முடிக்கப்பட்ட வேலை.

2. கேமுக்குள்ள "உறையுது"ன்னா உண்மையில என்ன நடக்குது?

ஒவ்வொரு துகளும் தன் வெப்பநிலையை ஓர் எண்ணாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் ஒரு கீழ் எல்லையும், அதைத் தாண்டினால் எதுவாக மாற வேண்டும் என்ற குறிப்பும் உண்டு. தண்ணீருக்குக் கீழ் எல்லை 273.15 கெல்வின், மாற வேண்டியது பனிக்கட்டி. துகளின் எண் எல்லைக்குக் கீழே போனதும் பெயர் மாறிவிடும். அவ்வளவுதான்.

இதில் இல்லாதது உள்ளுறை வெப்பம், அதாவது வெப்பநிலை மாறாமல் பொருளின் நிலை மட்டும் மாறும்போது வெளியேறும் அல்லது உள்வாங்கப்படும் வெப்பம். நிஜத்தில் 0 டிகிரியில் இருக்கும் 1 கிலோ தண்ணீரை 0 டிகிரிப் பனியாக்க சுமார் 334 கிலோஜூல் வெளியேற வேண்டும். அதே தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க 4.2 கிலோஜூல் போதும். கேமின் வழக்கமான பதிப்பில் இந்த 334 கிடையாது. அதனால்தான் கேமில் தண்ணீர் நம்ப முடியாத வேகத்தில் உறைகிறது. கீழே வரும் பல கேள்விகளுக்கு வேர் இதுதான்.

3. ஒரே ஒரு குளிர்ந்த துகள் எப்படி சுத்தியிருக்கிற எட்டையும் உறைய வைக்குது?

வெப்பக் கடத்தல் கேமில் சராசரிதான். ஒரு துகளின் முறை வரும்போது அதன் வெப்பநிலையையும் தொட்டுக்கொண்டிருக்கும் அண்டைத் துகள்களின் வெப்பநிலையையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, வந்த விடையை எல்லோருக்கும் சமமாகக் கொடுத்துவிடும். எடை, வெப்ப ஏற்புத்திறன் எதுவும் கணக்கில் வராது. காலி இடமும் கணக்கில் வராது.

22 டிகிரித் தண்ணீர் எட்டுத் துகள், நடுவே −273 டிகிரியில் ஒன்று. (8 × 22 − 273) ÷ 9, அதாவது சுமார் −10.8. ஒரே ஃபிரேமில் எட்டும் உறையும் நிலைக்கு வந்துவிட்டன. நடுவில் −203 டிகிரியில் திரவ நைட்ரஜன் இருந்தால் விடை −3. அப்போதும் எட்டும் உறையும், நைட்ரஜன் தன் 77 கெல்வின் எல்லையைத் தாண்டிக் காணாமல் போகும். −78.5 டிகிரி உலர்பனி என்றால் +10.8, ஒன்றும் உறையாது. ஒன்பதில் இரண்டு உலர்பனியாக இருந்தால் −0.3, மயிரிழையில் உறையும்.

நிஜத்தில் 1 கிலோ திரவ நைட்ரஜன் ஆவியாகி 0 டிகிரிக்குச் சூடேறும்வரை உறிஞ்சுவது சுமார் 400 கிலோஜூல். 22 டிகிரித் தண்ணீர் 1 கிலோவை முழுக்கப் பனியாக்க சுமார் 426 தேவை. ஒன்றுக்கு ஒன்றே தேறாது. கேமில் ஒன்றுக்கு எட்டு. இருக்கும் குளிர்ச்சியே தாராளம். "இன்னும் பலமாக உறைய வைக்கும்" என்ற யோசனைக்கு மதிப்பில்லாமல் போவதன் காரணம் இது.

4. வெப்பக் கடத்தலை 1-னு வெச்சுட்டா நம்ம எலிமென்ட் ரொம்ப நேரம் சில்லுனு இருக்குமே?

இருக்காது. கடத்தல் எண் என்பது "இந்தத் துகள் தன் முறையில் சராசரி எடுக்குமா" என்பதற்கான வாய்ப்பு; 250-க்கு இத்தனை என்று கணக்கு. உலோகத்துக்கு 251 என்பதால் ஒவ்வொரு ஃபிரேமிலும் எடுக்கும். தண்ணீருக்கு 29, அதாவது ஏறக்குறைய 12 சதவீதம்.

உங்கள் துகள் தன் முறையில் சும்மா இருந்தாலும், அண்டைத் தண்ணீர்த் துகள் அதன் முறையில் சராசரி எடுக்கும்போது உங்கள் துகளையும் சேர்த்தே எடுத்துவிடும். எட்டுப் பக்கமும் தண்ணீர் இருந்தால், ஏதோ ஒன்று ஒரு ஃபிரேமில் இழுத்துவிடும் வாய்ப்பு 60 சதவீதத்துக்கு மேல். ஒரு நொடிக்கு 60 ஃபிரேம். 1 என்று வைத்ததற்குப் பலனே இல்லை.

0 வைத்தால் கணக்கிலிருந்தே விலகிவிடும். அப்போது குளிர்ச்சி அப்படியே நிற்கும். ஆனால் யாரையும் குளிர்விக்கவும் செய்யாது. மெதுவாகக் குளிர்விக்க வேண்டுமென்றால் கடத்தலை 0 ஆக்கிவிட்டு, உங்கள் அப்டேட் ஃபங்ஷனே (ஒவ்வொரு துகளுக்கும் ஃபிரேம்தோறும் ஓடும் நிரல் பகுதி) அண்டைத் துகளிலிருந்து ஃபிரேமுக்கு இத்தனை டிகிரி என்று கழிக்கட்டும். கட்டுப்பாடு முழுக்க உங்கள் கையில் இருக்கும்.

5. −273-க்கும் கீழ போற மாதிரி வெக்கலாமா? "சூப்பர் ஐஸ்" மாதிரி?

முடியாது. கேமின் வெப்பநிலை 0 கெல்வினிலிருந்து 9999 கெல்வின் வரை மட்டுமே. ஸ்கிரிப்ட்டில் (புது எலிமென்ட்டுக்காக நீங்கள் எழுதும் சிறு நிரலில்) கழித்தல் போடும்போது விடை 0-க்குக் கீழே போகாமல் நீங்களே தடுத்துவிடுவது நல்லது.

6. தொட்டதை எல்லாம் உறைய வைக்கிற பவுடர்னு எழுதினேன். ஏன் யாருமே சீரியஸா எடுத்துக்கல?

அதில் வினை இல்லை. எண் மட்டும்தான் இருக்கிறது. குளிர்ச்சி என்பது எந்தத் துகளுக்கும் கொடுத்துவிடக்கூடிய ஓர் எண். சாதாரண மணலை 0 கெல்வினுக்குக் குளிர்வித்துத் தண்ணீரில் கொட்டினால் மூன்றாவது கேள்வியில் பார்த்த அதே −10.8 தான் வரும். உங்கள் பவுடரும் குளிர்ந்த மணலும் ஒரே வேலையைச் செய்தால் பவுடர் எதற்கு?

எழுதுவதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை: வெப்பம் எங்கே போகிறது? எதனால் தொடங்குகிறது? எப்போது நிற்கிறது? இந்த மூன்றுக்கும் விடை இருந்தால் அது எலிமென்ட். "நிற்கவே நிற்காது" என்பதும் ஒரு விடைதான். ஆனால் அந்த இடத்தை ஃப்ரீஸ் பவுடர் பிடித்துக்கொண்டுவிட்டது.

"எல்லாவற்றையும்" என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். தீ, எரிமலைக் குழம்பு, மின்பொறி, அமிலம் எல்லாவற்றுக்கும் தனித்தனி விதி எழுத வேண்டியிருக்கும். குறிப்பிட்ட நாலைந்து எலிமென்ட்டோடு சுவையாக வினைபுரிவது போதும்.

7. அப்ப எந்த மாதிரி யோசனைக்கு இன்னும் இடம் இருக்கு?

நிஜ வேதியியலில் தேடினால் கிடைக்கும். மூன்று நல்ல விதைகள்: 0 டிகிரிக்குக் கீழேயும் திரவமாகவே இருந்து, தீண்டியதும் சட்டென்று உறையும் மிகைக்குளிர் நீர், உறையும்போது சூடாகும் சோடியம் அசிடேட் கரைசல், தண்ணீரில் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும் உப்பு. மூன்றுக்கும் தொடக்கம், போக்கு, முடிவு மூன்றும் உண்டு. அடுத்த கேள்விகளில் ஒவ்வொன்றாக வருகின்றன. முதலாவதற்குத்தான் இந்த விளையாட்டில் அதிக வாய்ப்பு என்பது எங்கள் கணிப்பு. பார்க்கவும் அழகு, இப்போதுள்ள எதுவும் அதைச் செய்வதும் இல்லை.

8. மிகைக்குளிர் நீருக்கு எண்களை எப்படி முடிவு பண்றது? நிஜத்தில இருக்கிற மாதிரியே வெக்கலாமா?

எல்லைகளை நிஜத்திலிருந்து எடுக்கலாம். தூசியோ பனித் துணுக்கோ இல்லாத தூய நீரை ஏறக்குறைய −40 டிகிரி வரை திரவமாகவே கொண்டுபோக முடியும். அதற்குக் கீழே தானாகவே உறைந்துவிடும். ஆகவே விதி இது: 0-க்கும் −40-க்கும் நடுவே பனிக்கட்டியோ பனித்தூளோ தொட்டால் உறையும், −40-க்குக் கீழே தொடாமலே உறையும்.

எவ்வளவு உறையும் என்பதில்தான் நிஜத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். நிஜத்தில் −20 டிகிரி நீர் உறையத் தொடங்கினால் வெளிவரும் உள்ளுறை வெப்பம் மொத்தத்தையும் 0-க்கு ஏற்றிவிடும்; அதற்குள் உறைந்திருப்பது கால் பங்குதான். கணக்கு எளிது: குளிர்ந்த டிகிரியை 80-ஆல் வகுத்தால் உறையும் பங்கு. மீதி முக்கால் பங்கு பனிக்குழம்பாக நிற்கும்.

இதை அப்படியே எழுதி, நாலில் ஒரு துகளைப் பனியாகவும் மூன்றைத் தண்ணீராகவும் மாற்றிப் பாருங்கள். சில ஃபிரேம்களில் குழம்பு கலைந்துவிடும். உள்ளுறை வெப்பம் இல்லாத இடத்தில் 0 டிகிரியில் பனியும் நீரும் சேர்ந்து வாழ முடியாது: சராசரி 273.15-க்கு ஒரு துளி கீழே போனால் எல்லாம் பனி, ஒரு துளி மேலே போனால் எல்லாம் தண்ணீர். அதனால் தொட்ட துகள் முழுவதையும் பனியாக்கி, அதன் வெப்பநிலையை −1 டிகிரிக்கு ஏற்றிவிடுங்கள். −20-இல் இருந்தது உறைந்ததும் −1-க்கு வருவது வெப்பக் காட்சியில் (வெப்பநிலையை நிறமாகக் காட்டும் முறை) ஓர் அலை போலத் தெரியும். நிஜத்தின் உயிர் அதிலேயே வந்துவிடுகிறது.

9. உறையறது ஒரு பக்கமா மட்டும் பளிச்னு ஓடிடுது. இன்னொரு பக்கம் மெதுவா போகுது. ஏன்?

துகள்களுக்கு வரிசை எண் உண்டு. ஒவ்வொரு ஃபிரேமிலும் கேம் சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் வரை வரிசையாகத் தொடும். 500-ஆம் துகள் உறைந்ததும், அதன் பக்கத்தில் இருக்கும் 501-இன் முறை அதே ஃபிரேமில் வருகிறது, அது பனியைப் பார்த்து உறைகிறது, பிறகு 502. சங்கிலி முழுவதும் ஒரே ஃபிரேமில் முடிந்துவிடும். எதிர்ப்பக்கம் 499-இன் முறை ஏற்கெனவே போய்விட்டது. அடுத்த ஃபிரேம் வரை காத்திருக்கும். எனவே ஒரு பக்கம் மின்னல், ஒரு பக்கம் ஆமை.

தொட்டவுடன் மாற்றாமல், துகளின் லைஃப் எண்ணில் (ஒவ்வொரு துகளும் வைத்திருக்கும் ஒரு கவுன்டர்) 3 என்று குறித்துவிட்டு, அது குறைந்து 1 ஆனதும் பனியாக மாற்றுங்கள். லைஃப் தானாகக் குறையும் பண்பை இயக்கி வைத்தால் கழிக்கும் வேலை மிச்சம். உறைவு எல்லாப் பக்கமும் ஏறக்குறைய சம வேகத்தில் வட்டமாகப் பரவும். 3-ஐ 8 ஆக்கினால் கண்ணால் பின்தொடரும் அளவுக்கு நிதானமாகும்.

10. சோடியம் அசிடேட் உறைஞ்சா சூடாகுமாமே. அதை எப்படி உறையற எலிமென்ட்னு சொல்றது?

உறைவது வேறு, குளிர்வது வேறு. திரவம் திடமாகும்போது எப்போதும் வெப்பம் வெளியே வரும். தண்ணீரில் அது கவனிக்கப்படாமல் போகிறது, இதில் கையில் சுடுகிறது. சோடியம் அசிடேட் ட்ரைஹைட்ரேட் உருகுநிலை 58 டிகிரி. முழுக்க உருக்கி, அசைக்காமல் ஆறவைத்தால் அறை வெப்பநிலையிலும் திரவமாகவே இருக்கும். ஒரு படிகத் துணுக்கு பட்டால் போதும், நொடிகளில் மொத்தமும் திடமாகி 50 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். கைக்குள் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பைகளில் இருப்பது இதுதான்.

கேமில்: 22 டிகிரியில் திரவம். தன் படிகத்தைத் தொட்டால் ஒன்பதாம் கேள்வியில் சொன்ன தாமதத்தோடு படிகமாகி, வெப்பநிலை 54 டிகிரிக்குத் தாவும். 58-ஐத் தாண்டினால் மீண்டும் திரவம். தாவும் எண்ணை நேராக 58 என்று வைக்காதீர்கள். அண்டையில் ஒரு டிகிரி சூடு இருந்தாலே உருகி, ஆறி, உறைந்து, மறுபடி சூடாகி என்று முடிவில்லாமல் துடிக்கும்.

இதன் ருசி மறுபடி மறுபடி பயன்படுத்த முடிவதில் இருக்கிறது. சூடேற்றி உருக்கி வைத்தால் வெப்பத்தைச் சேமித்த மின்கலம் மாதிரி. ஆனால் ஒரே ஒரு படிகம் உருகாமல் ஒளிந்திருந்தாலும் ஆறியதும் எல்லாம் திடமாகிவிடும். கேமின் மெழுகு சுமார் 45 டிகிரியில் உருகுகிறது. 54 டிகிரிப் படிகம் அதை உருக்கிவிடும். மெழுகுக் கதவைத் திறக்கும் பூட்டு ஒன்றை இதை வைத்தே கட்டலாம்.

11. தண்ணியில கரைஞ்சு குளிர்விக்கிற உப்பு? ஃப்ரீஸ் பவுடர்தானே அது?

இல்லை. ஃப்ரீஸ் பவுடர் தீர்ந்துபோகாது, பரவும். இது கரைந்ததும் முடிந்தது. அம்மோனியம் நைட்ரேட் தண்ணீரில் கரையும்போது கிலோவுக்கு சுமார் 320 கிலோஜூல் உறிஞ்சும். அடிபட்ட இடத்தில் வைக்கும் உடனடிக் குளிர்ப் பைகளில் இதுவோ யூரியாவோ இருக்கும்.

விதி: ஒரு உப்புத் துகள் ஒரு தண்ணீர்த் துகளைத் தொட்டால் 20-இல் 1 வாய்ப்பில் கரையும், உப்பு மறையும், தண்ணீர் உப்பு நீராகும், அதன் வெப்பநிலை 30 டிகிரி இறங்கும். 22 டிகிரித் தண்ணீர் −8-க்குப் போகும். கேமில் உப்பு நீர் உறைவது −21.1 டிகிரியில். ஆக, குளிரும், உறையாது! இது குறையல்ல. உப்பு நீரை ஒரு பக்கமும் சாதாரணத் தண்ணீரை மறுபக்கமும் வைத்து நடுவே உலோகச் சுவர் போட்டால், மறுபக்கத் தண்ணீர் உறையும். விளையாடுபவர் ஒரு குளிர்பதனப் பெட்டியையே கட்ட வேண்டியிருக்கும். எலிமென்ட் தானே எல்லாம் செய்துவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

12. உறைஞ்சதுக்கு அப்புறம் வர்ற திடப்பொருளுக்குத் தனி எலிமென்ட் வேணுமா?

பெரும்பாலும் வேண்டாம். கேமின் பனிக்கட்டி தான் எதிலிருந்து வந்தது என்பதை சி-டைப் என்ற எண்ணில் நினைவு வைத்திருக்கும். உருகும்போது அதுவாகவே உருகும். தண்ணீர், உப்பு நீர், வாலைவடிநீர் மூன்றும் ஒரே பனிக்கட்டியைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. எலிமென்ட் இடங்கள் மொத்தம் 512. ஒரு யோசனைக்கு இரண்டு இடம் கேட்டால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டிவரும். சோடியம் அசிடேட்டுக்கு அந்தக் காரணம் இருக்கிறது: அதன் படிகத்தின் நடத்தை பனிக்கட்டியோடு ஒத்துப்போகாது.

மிகைக்குளிர் நீரில் ஒரு பொறி இருக்கிறது. கீழ் எல்லை −40, மாற வேண்டியது பனிக்கட்டி என்று எழுதிவிட்டால், பனிக்கட்டியின் சி-டைப் மிகைக்குளிர் நீர் என்றே பதிவாகும். உருகும் எல்லையும் அந்த எலிமென்ட்டை வைத்தே பார்க்கப்படுவதால், பனி பூஜ்ஜியத்துக்கு வெகு கீழேயே உருகி, பக்கத்துப் பனியைத் தொட்டு மறுபடி உறைந்து, திரை மினுங்கும். தானியங்கி மாற்றத்தை அணைத்துவிட்டு −40 சோதனையையும் அப்டேட் ஃபங்ஷனிலேயே செய்யுங்கள்; பனியாக்கும்போது சி-டைப் சாதாரணத் தண்ணீர் என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

13. மேலேர்ந்து கொட்டற தண்ணி உறைஞ்சு அந்தரத்தில நிக்குது. இது பக் (நிரல் பிழை)தானா?

பக் இல்லை. பனிக்கட்டி கேமில் அசையாத் திடப்பொருள், விழாது, மிதக்காது. விழ வேண்டுமென்றால் பனித்தூளாக மாற்றுங்கள், அது பவுடர்.

14. உறையும்போது விரிவடைஞ்சு கண்ணாடிப் பாட்டிலை உடைக்கணும். முடியுமா?

தண்ணீர் பனியாகும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஒரு பிக்சலை 1.09 பிக்சல் ஆக்க முடியாது. அதற்குப் பதிலாக, உறையும் தருணத்தில் அந்த இடத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றலாம். கேமின் கண்ணாடி, அழுத்தம் சட்டென்று 0.25-க்கு மேல் மாறினால் நொறுங்கும். பனிக்கட்டியோ 0.8-ஐத் தாண்டினால் பனித்தூளாகப் பொடிந்துவிடும். ஆக உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி 0.25-க்கும் 0.8-க்கும் நடுவே, 0.4 என்று குறிவைக்கலாம்.

எல்லோரும் வழுக்கும் இடம் இதற்கு அடுத்தது. அழுத்தம் துகளுக்கு ஒன்று என்று இல்லை; 4-க்கு 4 பிக்சல் கட்டத்துக்கு ஒன்று. ஒரு கட்டத்தில் 16 துகள் இருக்கலாம். ஒவ்வொன்றும் 0.4 ஏற்றினால் மொத்தம் 6.4 ஆகிப் பனியெல்லாம் தூளாகும். துகளுக்கு 0.025 என்பதில் தொடங்குங்கள். ஏற்றிய அழுத்தம் பக்கத்துக் கட்டங்களுக்குக் கசியவும் செய்யும், எல்லாத் துகளும் ஒரே ஃபிரேமில் உறைவதும் இல்லை, ஆகவே 0.03, 0.05 என்று ஏற்றிப் பார்த்தே சரியான எண்ணைப் பிடிக்க வேண்டும்.

15. திரவ ஹீலியம் சேர்க்கலாமே? அதுதான் எல்லாத்தையும் விடக் குளிர்ச்சி.

"எல்லாவற்றையும் விடக் குளிர்ச்சி" என்பது ஆறாவது கேள்வியின் வலையில் போய் விழும். ஹீலியத்தில் சுவை வேறு இடத்தில் இருக்கிறது. 4.2 கெல்வினில் கொதிக்கும், 2.17 கெல்வினுக்குக் கீழே பிசுபிசுப்பே இல்லாத மீப்பாய்மமாகிப் பாத்திரச் சுவரில் மெல்லிய படலமாக ஏறி வெளியே வழியும். சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் உறையாது, சுமார் 25 மடங்கு வளிமண்டல அழுத்தம் கொடுத்தால்தான் திடமாகும். குளிரால் உறையாமல் அழுத்தத்தால் உறையும் திரவம், சுவர் ஏறும் திரவம் என்று முன்மொழியுங்கள். வெப்பநிலை, அழுத்தம் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால் தானியங்கி எல்லைகள் போதாது. அப்டேட் ஃபங்ஷன் வேண்டும்.

16. நேரத்தையே உறைய வைக்கிற மாதிரி ஒண்ணு?

உள்ளே இருக்கும் துகள்களை அசையவிடாமல் நிறுத்தும் ஸ்டேசிஸ் சுவர் இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் விடுவித்துவிடும்.

17. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. முன்மொழிவில் என்னவெல்லாம் இருக்கணும்?

பெயரும் நாலெழுத்துக்குள் குறியீடும், பவுடரா, திரவமா, வாயுவா, திடமா, தொடக்க வெப்பநிலை, எடை. எடை எண்தான் எது மிதக்கும், எது மூழ்கும் என்பதைத் தீர்மானிக்கிறது: எண்ணெய் 20, தண்ணீர் 30, உப்பு நீர் 35. உங்கள் திரவம் தண்ணீரின் மேல் மிதக்க வேண்டுமென்றால் 30-க்குக் கீழே. பிறகு கடத்தல் எண், நாலாவது கேள்வியை நினைவில் வைத்து. மாற்றங்கள்: எந்த எண்ணில், எதுவாக. வினைகள்: எதைத் தொட்டால், எந்த வாய்ப்பில், என்னவாக. உப்பு கேமில் பனிக்கட்டியை உருக்கி உப்பு நீராக்குகிறது. உங்கள் பனியும் அப்படி உருகுமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒரு பத்தி: இதை வைத்து என்ன கட்டலாம், இப்போதுள்ள எலிமென்ட்களால் அதை ஏன் கட்ட முடியாது. படிப்பவர் முதலில் தேடுவது அதைத்தான். நிறம் பற்றி இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். (அதுவும் இளநீலம் என்றால், தயவுசெய்து வேறு ஏதாவது யோசியுங்கள். குளிர்ந்த எலிமென்ட்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே இளநீலம்தான்.)

18. லுவா ஸ்கிரிப்ட்ல மாதிரி செஞ்சு காட்டணும்னா எங்க தொடங்கறது?

கேமின் கோப்புறையில் ஆட்டோரன் என்ற பெயரில், லுவா நிரல்மொழியில் எழுதிய கோப்பு ஒன்றை வையுங்கள். கேம் திறக்கும்போதே அது ஓடும். முதல் வரியில் புது எலிமென்ட்டுக்கு இடம் ஒதுக்கும் ஃபங்ஷன்: குழுப் பெயர் ஒன்று, எலிமென்ட் பெயர் ஒன்று. இரண்டாவதாக, உங்களுடையதற்கு நெருக்கமான எலிமென்ட்டின் பண்புகளை அப்படியே நகலெடுங்கள்; மிகைக்குளிர் நீர் என்றால் தண்ணீர். காலியிலிருந்து தொடங்கினால் ஈர்ப்பு, காற்று இழுவை என்று இருபது எண்களைச் சரிசெய்தே நாள் போய்விடும். மூன்றாவதாகப் பெயர், நிறம், விளக்கம், மாற்ற எல்லைகள். நாலாவதாக அப்டேட் ஃபங்ஷன். துகளின் எண், அதன் இடம், சுற்றிலும் காலி இடம் எத்தனை, தன் இனம் அல்லாத அண்டை எத்தனை என்ற விவரங்கள் அதற்குத் தானாகவே கிடைக்கும்.

சோதிக்கும்போது ஸ்பேஸ் பட்டனால் நிறுத்தி, எஃப் பட்டனால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். ஒன்பதாம் கேள்வியின் கோளாறு ஓடும்போது தெரியாது. ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தால் பட்டென்று தெரியும்.

19. வரைஞ்சவுடனே துகள் காணாமப் போகுது, இல்லைன்னா தொட்டதெல்லாம் உறைஞ்சிடுது. எங்க தப்பு?

இரண்டு இடங்களைப் பாருங்கள். மாற்ற வேண்டிய எலிமென்ட் என்ற இடத்தில் 0 போட்டால் "ஒன்றுமில்லாததாக மாறு" என்று பொருள், துகள் அழிந்துவிடும். மாற்றமே வேண்டாம் என்றால் −1.

மற்றது கெல்வின். ஸ்கிரிப்ட்டில் வெப்பநிலை எல்லாம் கெல்வின். 22 என்று எழுதினால் அது −251 டிகிரி. நீங்கள் செல்சியஸில் யோசிக்கும் ஒவ்வோர் எண்ணோடும் 273.15 கூட்டுங்கள், அறை வெப்பநிலை 295.15.

20. திரை நிறைய ஊத்தினா கேம் திணறுது. என்ன பண்ணலாம்?

திரை 612-க்கு 384. முழுக்க நிரப்பினால் 2,35,008 துகள். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் உங்கள் ஃபங்ஷன் நொடிக்கு 1 கோடியே 41 லட்சம் முறை அழைக்கப்படும். ஒவ்வொரு முறையும் எட்டு அண்டையையும் பார்த்தால் லுவா தாங்காது.

மலிவான சோதனையை முதலில் வையுங்கள். வேறு இன அண்டை எண்ணிக்கை 0 என்றால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். குளத்தின் நடுவில் இருப்பவை எல்லாம் இதிலேயே கழிந்துவிடும். மிகைக்குளிர் நீருக்கு மட்டும் −40 சோதனையை இதற்கு முன்னால் வைக்க வேண்டும். அடுத்து, வெப்பநிலை 0 டிகிரிக்கு மேலே என்றால் திரும்பிவிடுங்கள். அதற்கும் பிறகு, எட்டையும் பார்க்காமல் ஒவ்வொரு ஃபிரேமிலும் குலுக்கலில் ஓர் அண்டையை மட்டும் பாருங்கள். உறைவின் ஓரம் ஒழுங்கற்றுக் கிளைவிட்டுப் போகும். பனி உண்மையிலேயே அப்படித்தான் வளரும் என்பதால் அது உபரி லாபம்.

21. என் சேவ்ல (கேம்ல கட்டி சேமிச்சு வெச்சதில) புது எலிமென்ட் எனக்குத் தெரியுது, மத்தவங்களுக்குத் தெரியலையே?

அவர்களிடம் உங்கள் ஸ்கிரிப்ட் இல்லை. ஸ்கிரிப்ட்டையும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் எலிமென்ட் இல்லாமலே ஓடும் ஒப்பீட்டு சேவ் ஒன்றையும் கொடுத்தால் வித்தியாசம் புரியும்.

22. ஸ்கிரிப்டா ஓடினா போதாதா? கேமுக்குள்ளேயே சேர்க்கச் சொல்லணுமா?

பல யோசனைகளுக்கு ஸ்கிரிப்ட்டே சரியான இடம். கேமுக்குள் ஒருமுறை சேர்ந்துவிட்டால் அந்த எலிமென்ட்டை எடுக்க முடியாது. அதை வைத்துக் கட்டிய சேவ்கள் எல்லாம் உடைந்துபோகும். எண்ணை மாற்றுவதுகூடக் கடினம்: −40-ஐ −35 ஆக்கினால் யாரோ ஒருவருடைய இயந்திரம் நின்றுவிடும். அதனால்தான் சேர்ப்பவர்கள் தயங்குகிறார்கள்.

ஸ்கிரிப்ட்டில் போட்டு, நாலைந்து பேர் அதை வைத்து நீங்கள் நினைத்தே பார்க்காத ஏதாவது ஒன்றைக் கட்டினால், அந்த சேவ்களோடு கேளுங்கள். பதினோராம் கேள்வியின் உப்பை வைத்து ஒருவர் குளிர்பதனப் பெட்டி கட்டிக் காட்டியிருந்தால், நீங்கள் எழுதிய பத்து பத்தியைவிட அந்த ஒரு சேவ் அதிகம் பேசும். யாரும் எதுவும் கட்டவில்லை என்றால் ஆறாவது கேள்வியின் மூன்று கேள்விகளுக்குத் திரும்பிப் போங்கள். பெரும்பாலும் "எப்போது நிற்கிறது" என்பதற்கு விடை எழுதாமல் விட்டிருப்பீர்கள்.